வளைந்த திரையும் 240 ஹெர்ட்ஸும்: பெட்டியில் எழுதாத கணக்கு

தேர்வு முடிந்து விடுமுறை தொடங்கியதும் பல வீடுகளில் ஒரு கோரிக்கை எழுகிறது. "அப்பா, கேமிங் மானிட்டர் ஒன்னு வாங்கணும். வளைஞ்ச திரை, 240 ஹெர்ட்ஸ்." தந்தைக்கு இதில் உடனே விளங்குவது 'வாங்கணும்' என்ற சொல் மட்டும்தான். வீட்டில் ஏற்கெனவே ஒரு கணினி இருக்கிறது, அதற்கு ஒரு திரையும் இருக்கிறது, அது நன்றாகவே வேலை செய்கிறது. அப்படியிருக்க, ஒரு மாதச் சம்பளத்தில் கணிசமான பங்கை விழுங்கக்கூடிய இன்னொரு திரை எதற்கு என்று அவர் கேட்பதில் தவறில்லை. பழைய திரையில் விளையாடினால் தோற்றுப் போகிறேன் என்று மகன் சொல்வதிலும் ஓரளவு உண்மை இருக்கிறது.

இருவருக்கும் இடையிலான வழக்கு பெரும்பாலும் அரைகுறைத் தகவலோடு நடக்கிறது. பெட்டியின் மேல் அச்சிடப்பட்ட எண்களை மகன் மனப்பாடமாகச் சொல்கிறார். விலைச்சீட்டில் உள்ள எண்ணைத் தந்தை சொல்கிறார். பெட்டியில் உள்ள எண்கள் பொய்யல்ல. ஆனால் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நிபந்தனைக்கு உட்பட்டே உண்மையாகிறது. அந்த நிபந்தனைகளைப் பெட்டி சொல்வதில்லை.

இதைப் பொதுவாகப் பேசுவதைவிட ஒரு திரையை எடுத்துக்கொண்டு பார்ப்பது நல்லது. சாம்சுங் நிறுவனம் 2020ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்த ஒடிசி ஜி7 அதற்குப் பொருத்தமானது. 27 அங்குலம், 32 அங்குலம் என்று இரண்டு அளவுகளில் வந்தது. அமெரிக்கச் சந்தையில் அறிமுக விலை ஏறத்தாழ 700 டாலரும் 800 டாலரும். 2560க்கு 1440 படப்புள்ளிகள், 240 ஹெர்ட்ஸ், 1000ஆர் வளைவு, 1 மில்லிவினாடி, எச்.டி.ஆர். 600 என்று அதன் பெட்டி முழுக்க எண்கள். இன்றுவரை கடைகளில் அடுக்கப்படும் வளைந்த திரைகள் பலவற்றின் நிறைகுறைகளை இந்த ஒன்றிலேயே காணலாம். ஒரு சிறு எச்சரிக்கை: அதே ஒடிசி ஜி7 என்ற பெயரில் 2021ஆம் ஆண்டில் 28 அங்குலத் தட்டைத் திரை ஒன்றும் வந்தது. அது முற்றிலும் வேறு பொருள். கடையில் கேட்கும்போது பெயரைச் சொன்னால் போதாது, மாதிரி எண்ணையும் சொல்ல வேண்டும்.

வேகம் என்பது என்ன?

நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் ஒவ்வொரு தாளிலும் ஒரு பொம்மையை வரைந்து, தாள்களைச் சடசடவென்று புரட்டினால் பொம்மை ஓடுவதுபோல் தெரியும். பள்ளிக்கூடத்தில் இதைச் செய்து பார்க்காதவர்கள் குறைவு. கணினித் திரையும் அதையேதான் செய்கிறது. சாதாரணத் திரை ஒரு வினாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கிறது. அதைத்தான் 60 ஹெர்ட்ஸ் என்கிறார்கள். 240 ஹெர்ட்ஸ் திரை அதே ஒரு வினாடியில் 240 தாள்களைப் புரட்டுகிறது.

60 ஹெர்ட்ஸில் ஒரு படம் 16.7 மில்லிவினாடி நேரம் திரையில் நிற்கும். 144 ஹெர்ட்ஸில் அது 6.9 மில்லிவினாடி. 240 ஹெர்ட்ஸில் 4.2 மில்லிவினாடி. இந்த எண்களைச் சற்று நிதானமாகப் பார்த்தால் ஒன்று தெரியும். 60இலிருந்து 144க்குப் போகும்போது ஒவ்வொரு படத்திலும் ஏறத்தாழ 10 மில்லிவினாடி மிச்சமாகிறது. 144இலிருந்து 240க்குப் போகும்போது மிச்சமாவது 3 மில்லிவினாடிக்கும் குறைவு. 240இலிருந்து 360க்குப் போனால் ஒன்றரை மில்லிவினாடிகூட இல்லை. எண் பெரிதாகப் பெரிதாகப் பயன் சிறிதாகிக்கொண்டே போகிறது. விலை மட்டும் அப்படிச் சிறிதாவதில்லை.

ஆனாலும் வேகத்தின் பயன் வெறும் கற்பனையன்று. விளையாட்டில் ஓர் உருவம் வினாடிக்கு 960 படப்புள்ளிகள் என்ற வேகத்தில் திரையைக் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விளையாடுபவரின் கண் அதைத் தொடர்ந்து நகர்கிறது. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் அசையாமல் நிற்கும் நேரத்துக்குள் கண் 16 புள்ளிகள் நகர்ந்துவிடும். அந்த 16 புள்ளிகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து உருவம் கலங்கித் தெரியும். 240 ஹெர்ட்ஸில் அந்தக் கலங்கல் 4 புள்ளிகளாகச் சுருங்குகிறது. வேகமாகத் திரும்பும்போது எதிரே நிற்பது சுவரா, ஆளா என்று தெரிவது இதனால்தான். விளையாடாதவர்களும் இதை உணரலாம். நீண்ட செய்தியை மேலும் கீழும் உருட்டிப் படிக்கும்போது எழுத்துகள் கலங்காமல் இருக்கும். சுட்டியின் அம்பு வழுக்கிக்கொண்டு போகும். பழகியவர்கள் மீண்டும் 60 ஹெர்ட்ஸ் திரைக்குத் திரும்பும்போது ஏதோ இழுத்துப் பிடிப்பதுபோல் இருக்கிறது என்பார்கள்.

நிபந்தனை இங்கேதான் வருகிறது. திரை வினாடிக்கு 240 தாள்களைப் புரட்டத் தயாராக இருக்கலாம். அத்தனை தாள்களையும் வரைந்து தர வேண்டியது கணினியில் உள்ள கிராபிக்ஸ் அட்டை. ஒடிசி ஜி7 திரையில் ஒரு படத்துக்கு 36 லட்சத்து 86 ஆயிரம் புள்ளிகள். வினாடிக்கு 240 படங்கள் என்றால் ஏறத்தாழ 88 கோடியே 50 லட்சம் புள்ளிகள். சாதாரண முழு எச்.டி. திரையை 60 ஹெர்ட்ஸில் ஓட்டுவதற்குத் தேவைப்படுவதைப்போல் இது 7 மடங்கு. வேலோரண்ட், கவுண்டர் ஸ்டிரைக் போன்ற போட்டி விளையாட்டுகள் கணினிக்குப் பெரிய சுமை தராத வகையில் உருவாக்கப்பட்டவை. நடுத்தர அட்டையைக் கொண்டே அவற்றில் வினாடிக்கு 200 படங்களைத் தாண்டலாம். சைபர்பங்க் 2077 போன்று காட்சியழகுக்குப் பெயர்போன விளையாட்டுகளில் விலையுயர்ந்த அட்டைகளே மூச்சு வாங்கும். நான்கைந்து ஆண்டுகள் பழைய மடிக்கணினியை 240 ஹெர்ட்ஸ் திரையோடு இணைப்பது, குறுகிய குழாயின் முனையில் பெரிய தண்ணீர்த் திறப்பை மாட்டுவதற்கு ஒப்பாகும்.

கம்பியும் ஒரு நிபந்தனை. ஒடிசி ஜி7 திரையில் உள்ள எச்.டி.எம்.ஐ. இணைப்பு 2.0 வகையைச் சேர்ந்தது. அதன் வழியே முழுத் தெளிவில் 144 ஹெர்ட்ஸ்வரைதான் போக முடியும். 240 வேண்டுமானால் டிஸ்பிளே போர்ட் இணைப்பைத்தான் பயன்படுத்த வேண்டும். பிளேஸ்டேஷன் 5 வைத்திருக்கும் பிள்ளைக்கோ இந்தப் பேச்சே வேறு. அந்தச் சாதனம் அதிகபட்சம் 120 ஹெர்ட்ஸ்தான் தருகிறது. அதற்காக 240க்குப் பணம் கொடுப்பவர் பாதியைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார். மொபைல் லெஜண்ட்ஸ் ஒன்றையே விளையாடும் பிள்ளைக்கு மானிட்டரே தேவையில்லை, அது கைப்பேசி விளையாட்டு. சிரிப்பாக இருந்தாலும், வாங்குவதற்கு முன் 'நீ விளையாடுவது எது?' என்று கேட்காத பெற்றோர் பலர்.

வளைவின் வேலை

முப்பது ஆண்டுகளுக்கு முன் வீட்டில் இருந்த தொலைக்காட்சிப் பெட்டியின் கண்ணாடி வெளிப்பக்கமாகப் புடைத்திருக்கும். அந்தப் புடைப்பைப் போக்கித் தட்டையான திரை வந்தபோது அதுவே பெரிய முன்னேற்றமாக விளம்பரமானது. இப்போது திரை உள்பக்கமாக வளைகிறது, அதுவும் முன்னேற்றம் என்றே விளம்பரமாகிறது. 2013ஆம் ஆண்டில் வரவேற்பறைத் தொலைக்காட்சிகளும் வளைந்து வந்தன. சில ஆண்டுகளில் அந்த மோகம் அடங்கிவிட்டது. மேசைமேல் இருக்கும் கணினித் திரையில் மட்டும் வளைவு நிலைத்தது. அதற்குக் காரணம் உண்டு.

1000ஆர் என்றால் அந்தத் திரையின் வளைவைத் தொடர்ந்து நீட்டினால் 1000 மில்லிமீட்டர், அதாவது ஒரு மீட்டர் ஆரம் கொண்ட வட்டம் கிடைக்கும் என்று பொருள். 1800ஆர் என்றால் வட்டம் பெரிது, ஆகவே வளைவு குறைவு. எண் சிறிதாக இருந்தால்தான் வளைவு அதிகம் என்பதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். அந்த வட்டத்தின் மையத்தில் தலையை வைத்தால் திரையின் எல்லா இடமும் கண்ணிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும். வரவேற்பறையில் சோபாவில் நான்கு பேர் மூன்று மீட்டர் தள்ளி அமர்ந்தால் அந்த மையத்தில் யாருமே இல்லை. மேசை முன் அமரும் ஒருவர் அதற்கு நெருக்கமாக இருக்கிறார்.

பயன் எவ்வளவு என்பதையும் அளந்து பார்க்கலாம். 32 அங்குலத் தட்டைத் திரையின் அகலம் ஏறத்தாழ 70 செண்டிமீட்டர். 70 செண்டிமீட்டர் தள்ளி நேரே அமர்ந்தால் திரையின் நடுப்பகுதியைவிட ஓரம் கண்ணிலிருந்து 8 செண்டிமீட்டர் கூடுதல் தூரத்தில் இருக்கும். 1000ஆர் வளைவு அந்த 8ஐ 3 செண்டிமீட்டருக்கும் குறைவாக்கிவிடுகிறது. 27 அங்குலத்தில் தட்டைத் திரையிலேயே வித்தியாசம் 6 செண்டிமீட்டர்தான். 49 அங்குல அகலத் திரையில் அது 22 செண்டிமீட்டர். ஆகவே, அகலத் திரைக்கு வளைவு அவசியம், 32 அங்குலத்துக்கு நல்லது, 27 அங்குலத்துக்குப் பெரும்பாலும் அழகுக்காக என்று சொல்லிவிடலாம்.

வளைவுக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை விற்பனையாளர்கள் சொல்வதில்லை. வளைந்த திரைகளில் பெரும்பாலானவை வி.ஏ. என்ற வகைப் பலகையால் ஆனவை. வி.ஏ. பலகையை நேராகப் பார்த்தால் நிறம் அழகாக இருக்கும், பக்கவாட்டிலிருந்து பார்த்தால் வெளுத்துப்போகும். பெரிய தட்டைத் திரையாக அதைச் செய்தால் நேரே அமர்ந்தவருக்கே ஓரங்கள் சாய்வாகத் தெரிந்து நிறம் மங்கும். உள்பக்கமாக வளைத்துவிட்டால் ஓரங்களும் முகத்தை நோக்கித் திரும்பிக்கொள்கின்றன. அதாவது, பலகையின் ஒரு குறையை வளைவு மறைக்கிறது. விளம்பரத்தில் 'மூழ்கிப்போகும் அனுபவம்' என்று வருவதில் ஒரு பாதி இந்தப் பொறியியல் சமாளிப்புதான்.

அந்தச் சமாளிப்பு ஒரே ஒருவருக்குத்தான் பலிக்கும். இரவில் தங்கையும் தம்பியும் கட்டிலில் அமர்ந்து அதே திரையில் படம் பார்த்தால் ஒருவருக்குப் பக்கத்து ஓரம் திரும்பிக்கொண்டு நிற்கும், மற்றவருக்கு நிறம் வெளுத்திருக்கும். பலதுறைத் தொழிற்கல்லூரியில் கட்டட வடிவமைப்போ வரைகலையோ படிக்கும் மாணவருக்கு நேர்க்கோடு சற்று வளைந்து தெரிவது எரிச்சலூட்டும். சிலர் இரண்டு வாரத்தில் பழகிவிடுகிறார்கள், சிலருக்குக் கடைசிவரை பழகுவதில்லை. பின்னால் சன்னலோ குழல் விளக்கோ இருந்தால் வளைந்த திரை அதன் ஒளியை வாங்கி நீளவாட்டில் இழுத்துக் காட்டும். அடுக்குமாடி வீட்டின் சிறிய அறையில் மேசையைத் திருப்பிப் போட இடம் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 32 அங்குலத் திரை தாங்கியோடு சேர்த்து 30 செண்டிமீட்டர் ஆழத்தை எடுத்துக்கொள்ளும். பள்ளிப் பிள்ளைகளுக்காக வாங்கிய 50 செண்டிமீட்டர் ஆழ மேசையில் அதை வைத்தால் விசைப்பலகைக்கு மட்டும்தான் இடமிருக்கும், முகம் திரையோடு ஒட்டிவிடும்.

கண்ணுக்கு நல்லது என்று வாங்குவோரும் உண்டு. மனிதக் கண்ணின் பார்வைப் பரப்புக்கு ஏற்ற வளைவு என்று தயாரிப்பாளர் கூறுகிறார். ஓரத்தைப் பார்க்கும்போது கண் குவியத்தை மாற்றும் வேலை சிறிது குறைகிறது என்ற அளவில் அதை ஏற்கலாம். ஆனால் 70 செண்டிமீட்டர் தூரத்தில் உள்ள ஒன்றை மணிக்கணக்கில் உற்றுப் பார்ப்பது தட்டைத் திரையிலும் அதேதான், வளைந்த திரையிலும் அதேதான். கிட்டப்பார்வை மிகுந்த சிங்கப்பூரில் கண் மருத்துவர்கள் பிள்ளைகளை வெளியே வெயிலில் போய் விளையாடச் சொல்கிறார்கள். திரையை வளைத்து அந்த அறிவுரையை ஈடுகட்ட முடியாது.

கறுப்பின் அழகும் அதற்குக் கொடுக்கும் விலையும்

வி.ஏ. பலகையின் பெரிய பலம் கறுப்பு. ஒடிசி ஜி7இன் மாறுபாட்டு விகிதம் 2500க்கு 1 என்று தயாரிப்பாளர் குறிப்பிடுகிறார். அதாவது வெள்ளை, கறுப்பைவிட 2500 மடங்கு ஒளி மிக்கது. தட்டைத் திரைகளில் பரவலாக உள்ள ஐ.பி.எஸ். பலகையில் இது ஏறத்தாழ 1000க்கு 1. இருட்டறையில் பேய்ப் படம் பார்க்கும்போதோ இரவுக் காட்சி விளையாட்டிலோ ஐ.பி.எஸ். திரையின் கறுப்பு சாம்பலாகத் தெரியும், வி.ஏ. திரையில் கறுப்பாகவே இருக்கும்.

ஆனால் வி.ஏ. பலகையின் புள்ளிகள் கறுப்பிலிருந்து வெளியே வரச் சோம்பல்படும். வெளிச்சத்திலிருந்து வெளிச்சத்துக்கு மாறுவது சுலபம், இருட்டிலிருந்து சாம்பலுக்கு மாறுவதுதான் மெதுவு. 240 ஹெர்ட்ஸில் ஒரு படத்துக்கு உள்ள நேரம் 4.2 மில்லிவினாடி. புள்ளி மாறுவதற்கு அதைவிட அதிக நேரம் பிடித்தால் முந்தைய படம் முழுதாக அழிவதற்குள் அடுத்தது வந்துவிடும். விளைவு, நகரும் உருவத்துக்குப் பின்னால் மை இழுபட்டதுபோல் ஒரு நிழல். மலிவான வளைந்த திரைகள் பலவற்றில் இது கண்கூடாகத் தெரியும். '165 ஹெர்ட்ஸ், வளைந்த திரை, மலிவு விலை' என்ற அறிவிப்பைக் கண்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். ஒடிசி ஜி7 பெயர் வாங்கியதே இந்தக் குறையைப் பெருமளவு வென்றதால்தான். வி.ஏ. பலகையாலும் இவ்வளவு வேகமாக மாற முடியும் என்று அது காட்டியது.

பெட்டியில் உள்ள 1 மில்லிவினாடி என்ற எண்ணையும் இந்த இடத்தில் கவனிக்க வேண்டும். அந்த எண்ணை இரண்டு விதமாக அளக்கிறார்கள். ஒன்று, புள்ளி ஒரு சாம்பல் நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நேரம். மிகச் சாதகமான ஒரு மாற்றத்தை அளந்து அதை அச்சிடலாம். மற்றது, பின்னொளியை அணைத்து அணைத்து ஏற்றி, கலங்கல் கண்ணுக்குத் தெரியும் நேரத்தைக் குறைக்கும் முறை. இரண்டாவது முறையை இயக்கினால் திரையின் வெளிச்சம் குறையும், பல திரைகளில் வேறு சில வசதிகளும் நின்றுவிடும். இரண்டுக்கும் பெட்டியில் ஒரே '1'தான். எந்த முறையில் அளந்தது என்று கடைக்காரரைக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது, தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் தேடினால் கிடைக்கும்.

இனி வருவது இந்த வகைத் திரைகளின் உண்மையான தலைவலி. கிராபிக்ஸ் அட்டை ஒரே சீராகப் படம் வரைவதில்லை. எளிய காட்சியில் வினாடிக்கு 200, வெடிப்பும் புகையும் வந்தால் 90 என்று ஏறி இறங்கும். திரை மட்டும் சீராகப் புரட்டிக்கொண்டிருந்தால் பாதி பழைய படமும் பாதி புதிய படமுமாகக் கிழிந்து தெரியும். இதைத் தீர்க்க என்விடியா 2013ஆம் ஆண்டில் ஜி-சிங்க் என்ற முறையை அறிவித்தது. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஃபிரீசிங்க் அதைத் தொடர்ந்து வந்தது. அட்டை தாள் தரும்போது மட்டும் திரை புரட்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. 2019ஆம் ஆண்டிலிருந்து என்விடியா அட்டைகளும் பொதுவான முறையில் இயங்கும் திரைகளை ஏற்றுக்கொள்ளத் தொடங்கியதால் இந்த வசதி பரவலானது.

வி.ஏ. பலகையில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சரியான வெளிச்சம் தரும்படி அது சீர்செய்யப்பட்டிருக்கும். வேகம் மாறினால் வெளிச்சமும் நூலிழை மாறும். வேகம் வினாடிக்கு வினாடி துள்ளினால் வெளிச்சமும் துள்ளும். வெளிச்சமான காட்சியில் தெரியாது. இருட்டுக் காட்சியிலும், விளையாட்டு ஏறுவதற்குக் காத்திருக்கும் சாம்பல் திரையிலும் மினுமினுவென்று துடிக்கும். ஒடிசி ஜி7 வந்த 2020ஆம் ஆண்டில் அதை வாங்கியவர்களில் பலர் முறையிட்டது இதைப் பற்றித்தான். உள்மென்பொருள் புதுப்பிப்புகள் வந்தன. துடிப்பைக் குறைக்கும் தனி அமைப்பு ஒன்றும் சேர்க்கப்பட்டது. அதை இயக்கினால் துடிப்பு குறைகிறது, ஆனால் ஓட்டத்தில் சிறு தடுமாற்றம் வருகிறது. எதற்காக அந்த வசதியோ அதிலேயே ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாகிறது.

இதில் வேதனை என்னவென்றால், இது எல்லாருக்கும் ஒரே மாதிரி தெரிவதில்லை. ஒருவர் இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தியும் கவனித்ததில்லை என்பார். இன்னொருவர் அரை மணி நேரத்தில் தலை வலிக்கிறது என்பார். ஆகவே நண்பர் நன்றாக இருக்கிறது என்றார் என்பதை நம்பி வாங்குவது போதாது. உட்காரப் போகிறவரின் கண்தான் சாட்சி.

எச்.டி.ஆர். 600 என்ற முத்திரையும் அதிக எதிர்பார்ப்பைத் தூண்டுவது. வெளிச்சம் மிகுந்த இடம் பளீரென்றும் இருண்ட இடம் கறுப்பாகவும் ஒரே நேரத்தில் தெரிவதுதான் எச்.டி.ஆர். அதற்குப் பின்னொளியைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்துத் தனித்தனியே கூட்டிக் குறைக்க வேண்டும். ஒடிசி ஜி7இல் உள்ள பகுதிகள் வெறும் 8. கருவானில் நிலா தோன்றினால் நிலா இருக்கும் பட்டை முழுவதும் மேலிருந்து கீழாக வெளிறும். இந்த வசதியை அணைத்துவிட்டு விளையாடுபவர்களே அதிகம் என்றால் வியப்பில்லை. எச்.டி.ஆர். 400 என்று மட்டும் எழுதியுள்ள திரைகளில் இந்தப் பகுதிகளே இல்லாமலும் இருக்கலாம். அந்த எண்ணுக்காக ஒரு காசும் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை.

யாருக்கு, எது?

போட்டி விளையாட்டை உண்மையிலேயே முனைப்பாக எடுத்துக்கொள்ளும் இளையர்கள் இன்று இருக்கிறார்கள். 2019ஆம் ஆண்டு பிலிப்பீன்ஸில் நடைபெற்ற தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளில் மின்விளையாட்டுக்குப் பதக்கம் வழங்கப்பட்டது. 2023ஆம் ஆண்டில் ஒலிம்பிக் மின்விளையாட்டு வாரம் சிங்கப்பூரிலேயே நடந்தது. ஆகவே இது வெட்டிவேலை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். துப்பாக்கிச் சுடும் போட்டி மேடைகளில் ஆட்டக்காரர்கள் முன்னால் இருப்பவை பெரும்பாலும் 24, 25 அங்குலத் தட்டைத் திரைகள். தலையைத் திருப்பாமல் நான்கு மூலைகளும் பார்வைக்குள் இருக்க வேண்டும் என்பதே அவர்களுக்கு முக்கியம். 'போட்டிக்கு வேண்டும்' என்று வளைந்த 32 அங்குலத்தைக் கேட்கும் மகன், உண்மையில் கேட்பது வேறு ஒரு சுகத்தை. அதைக் கேட்பதும் குற்றமில்லை, காரணத்தைச் சரியாகச் சொன்னால் போதும்.

கார்ப் பந்தயம், விமானம் ஓட்டுதல், பெரிய கதைச் சாகசம் ஆகியவற்றுக்கு வளைந்த பெரிய திரை இன்பம் தரும். படிப்புக்கும் அதே திரைதான் என்றால் 27 அங்குலமே மேல். 1440 வரிசைத் தெளிவில் 27 அங்குலத்தில் ஓர் அங்குலத்துக்கு 109 புள்ளிகள் அமைகின்றன, எழுத்து கூர்மையாக இருக்கும். 32 அங்குலத்தில் அது 92 ஆகக் குறைகிறது. வீட்டில் உள்ள பழைய 24 அங்குல முழு எச்.டி. திரையிலும் அதே 92தான். பெரிதாகத் தெரியும், தெளிவு கூடாது.

இப்போது சந்தையில் ஓ.எல்.இ.டி. திரைகளும் வந்துவிட்டன. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் கறுப்பு முழுக் கறுப்பு, இழுபடும் நிழலும் இல்லை. விலை அதிகம். அசையாத படம் நாள்தோறும் ஒரே இடத்தில் நின்றால் தழும்பு விழும் அபாயமும் உண்டு. பகலெல்லாம் கணக்கு அட்டவணையைத் திறந்து வைத்து வேலை செய்யும் வீட்டில் யோசித்துத்தான் வாங்க வேண்டும். வேகம் மாறும்போது துடிக்கும் குறை அவற்றிலும் அறவே இல்லை என்று சொல்வதற்கில்லை. கையில் உள்ள பணம் அளவானது என்றால், 144 முதல் 180 ஹெர்ட்ஸ்வரையுள்ள ஒரு நல்ல 27 அங்குல ஐ.பி.எஸ். தட்டைத் திரையை வாங்கி, மிச்சத்தைக் கிராபிக்ஸ் அட்டைக்குச் சேர்த்து வைப்பது பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும். 60இலிருந்து வருபவருக்குப் பயனின் பெரும்பங்கு அங்கேயே கிடைத்துவிடுகிறது.

கடையிலும் வீட்டிலும்

கோலாலம்பூரின் லோயாட் பிளாசாவிலோ சிங்கப்பூரின் சிம் லிம் சதுக்கத்திலோ காட்சிக்கு வைத்திருக்கும் திரைகளில் ஓடுவது பெரும்பாலும் பளபளக்கும் விளம்பரப் படம். வெளிச்சமான காட்சியில் எந்தக் குறையும் தெரியாது. இருட்டான விளையாட்டு ஒன்றை ஓட்டிக் காட்டச் சொல்லலாம். கடைக்காரர் தயங்கினால், திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்கலாம். எத்தனை புள்ளிகள் செத்திருந்தால் மாற்றித் தருவார்கள் என்பதையும் முன்கூட்டியே கேட்க வேண்டும். ஒன்றிரண்டு புள்ளிகளைப் பல தயாரிப்பாளர்கள் குறையாகவே கொள்வதில்லை.

சட்டமும் துணைக்கு இருக்கிறது. சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள 'லெமன்' சட்ட விதிகளின்படி, பொருளை ஒப்படைத்த 6 மாதத்துக்குள் தெரியவரும் குறை, ஒப்படைக்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு விற்றவருடையது. மலேசியாவில் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலேயே தொடுக்கலாம். இணையத்தில் முகம் தெரியாத ஒருவரிடம் 'ஒரு மாதம்தான் பயன்படுத்தியது' என்று பாதி விலைக்கு வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. 'லெமன்' சட்டம் வணிகரிடம் வாங்கிய பொருளுக்குத்தான். துடிப்பு தாங்காமல் விற்பவர்களும் அந்தச் சந்தையில்தான் இருப்பார்கள்.

பெட்டியைப் பிரிக்கும்போது வளைந்த பலகையை முகம் குப்புறக் கிடத்தவோ நடுவில் அழுத்தவோ கூடாது. அட்டைப்பெட்டியையும் நுரையையும் சில மாதங்களுக்குத் தூக்கி எறியாமல் வைத்திருப்பது நல்லது, மாற்ற வேண்டி வந்தால் உதவும். முதல் நாள் இரவே அறை விளக்கை அணைத்து, முழுக் கறுப்பு, முழு வெள்ளை, அடர் சாம்பல் என்று மூன்று படங்களைத் திரை நிறைய விரித்துப் பார்த்தால் செத்த புள்ளி, ஓர ஒளிக் கசிவு, சாம்பலில் துடிப்பு ஆகியவை தெரிந்துவிடும். தந்தையும் உடன் உட்கார்ந்து பார்க்கலாம். மகனுக்குத் தெரியாதது அவர் கண்ணுக்குப் படக்கூடும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் பல வீடுகளில் கடைசியில் ஒன்று விட்டுப்போகிறது. புதிய திரையை இணைத்தவுடன் விண்டோஸ் தானாகவே 240 ஹெர்ட்ஸுக்கு மாறிவிடும் என்று உறுதியில்லை. அமைப்புப் பகுதியில் திரை என்ற பிரிவுக்குள் சென்று, மேம்பட்ட திரை அமைப்பைத் திறந்து, புதுப்பிப்பு வேகத்தைக் கையால் மாற்ற வேண்டியிருக்கும். மாற்றாமல் விட்டால் 240 ஹெர்ட்ஸ் திரை 60 ஹெர்ட்ஸிலேயே ஓடிக்கொண்டிருக்கும். "பழசைவிட எவ்வளவு வேகம் பாருங்கப்பா" என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள்.